பைத்தானுக்குள் ஓடும் ஃபோர்ட்ரான்

நூறு மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க, பைத்தானில் நம்பை நூலகத்தின் 'சால்வ்' என்ற ஒரு வரி போதும். ஆனால் கணக்கைப் போடுவது பைத்தான் அல்ல. சி மொழியில் எழுதப்பட்ட நம்பை, அதை லாபேக் நூலகத்தின் 'டிஜெஸ்வி' என்ற துணைநிரலிடம் தள்ளிவிடுகிறது. லாபேக் 1992-ல் ஃபோர்ட்ரானில் எழுதி வெளியிடப்பட்டது. ஃபோர்ட்ரானோ ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-ல் கொண்டுவந்த மொழி.

கம்பைல் ஆனபின் சி-யும் இல்லை, ஃபோர்ட்ரானும் இல்லை. இயந்திரக் கட்டளைகள்தான் மிச்சம். விவரங்களை எங்கே வைப்பது, விடையை எங்கே எடுப்பது என்று அங்கே ஒத்துப்போனால் போதும். இன்டெல், ஏஎம்டி சிப் உள்ள 64 பிட் லினக்ஸில் முதல் ஆறு முழு எண்களோ முகவரிகளோ சிப்புக்குள்ளேயே இருக்கும் ரிஜிஸ்டர்களில் போகும்; மீதி நினைவகத்தின் ஸ்டேக் பகுதியில். விண்டோஸில் நான்குக்குத்தான் ரிஜிஸ்டர்.

டிஜெஸ்வி எட்டு விவரங்கள் கேட்கும். ஃபோர்ட்ரான் வழக்கப்படி எட்டும் முகவரிகள். சமன்பாடுகளின் எண்களை அடுக்கிய அணியின் அளவு 3 என்று சொல்வதற்குக்கூட, 3-ஐ நினைவகத்தில் எழுதிவைத்து அந்த இடத்தைக் காட்ட வேண்டும். பல ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோடும் ஒட்டிவிடும். சி-யிலிருந்து கூப்பிடும்போது அந்த வாலை விட்டால், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் கைவிரித்துவிடும்.

லிங்கர் கைவிரித்தால் பரவாயில்லை, தவறு உடனே தெரிந்துவிடும். அணி விஷயம் அப்படியில்லை. நம்பை வழக்கமாக எண்களை நிரை நிரையாக அடுக்கும். ஃபோர்ட்ரான் நிரல் நிரலாகப் படிக்கும். முதல் நிரை 1, 2; இரண்டாவது 3, 4 என்று வைத்தால், ஃபோர்ட்ரானுக்கு முதல் நிரை 1, 3 ஆகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது, தப்பான விடை மட்டும் வரும். அதனால் நம்பை அணியை மாற்றி அடுக்கி ஒரு நகல் எடுத்துத்தான் கொடுக்கிறது. டிஜெஸ்வி தனக்கு வந்த அணியின்மேலேயே எழுதிவிடும் என்பதால் நகல் எப்படியும் வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி நினைவகம்தான். ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் இடத்தைக் காலி செய்துவிடும். சி-க்கு இது தெரியாது. காலியான முகவரியை அது வைத்துக்கொண்டிருந்தால், புரோகிராம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. ஒதுக்கியவரே விடுவிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ரஸ்ட் என்ற மொழியும் பைத்தானும் பேசினாலும் நடுவில் சி-யின் வழக்கமே நிற்கிறது. சி சிறந்த மொழி என்பதால் அல்ல. 1973-ல் யூனிக்ஸை அதில் திருப்பி எழுதியதிலிருந்து இயங்குதளங்களின் வாசல்கள் பெரும்பாலும் சி-யின் அளவுக்கே வெட்டப்பட்டன.

நம்பையோடு பெரும்பாலும் சேர்ந்து வரும் ஓப்பன்பிளாஸ் நூலகத்தில் டிஜெஸ்வியை வேகத்துக்காகச் சி-யிலேயே மாற்றி எழுதிவிட்டார்கள். அழைப்பதும் சி, பதில் சொல்வதும் சி. ஆனாலும் எட்டு முகவரிகள், நிரல் அடுக்கு, பெயரின் அடிக்கோடு எல்லாம் ஃபோர்ட்ரான் முறைப்படியே நடக்கின்றன.