வருமுன் காக்கும் பராமரிப்பு

தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் திடீரென நின்றால், அதனை நம்பியுள்ள பிற இயந்திரங்களும் நின்றுவிடும். பராமரிப்புப் பணியாளர்கள் தம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அங்கு விரைவர். பாதியில் விட்ட அவ்வேலை மறுநாள் மற்றொரு பழுதாக முளைக்கும். இச்சுழலிலிருந்து மீள்வது எப்படி?

முதலில், பணியாளர்களை இரு குழுக்களாகப் பிரித்தல் வேண்டும். சிறு குழு அவசரப் பழுதுகளை மட்டும் கவனிக்கும். பெரிய குழு, எண்ணெய் இடுதல், தேய்ந்த பாகங்களை மாற்றுதல் முதலிய பணிகளை அட்டவணைப்படி இடைவிடாது செய்யும். அடுத்து, ஒவ்வொரு பழுதையும் அதன் காரணத்தையும் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். ஒரே பேரிங் மூன்று முறை பழுதானால், குறை பேரிங்கிலா, எண்ணெய் இடுவதிலா என்று ஆராய அப்பதிவேடு உதவும்.

இயந்திரத்தை இயக்குபவருக்கும் இதில் பங்குண்டு. ஜப்பானில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் நிப்பான்டென்சோ நிறுவனம், இயந்திரத்தைத் துடைத்தல், எண்ணெய் இடுதல், தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குதல் ஆகியவற்றை இயக்குபவரிடமே ஒப்படைத்தது. 1971ஆம் ஆண்டு அதற்கென விருதும் பெற்றது. இம்முறையை இன்று இந்தியத் தொழிற்சாலைகள் பலவும் பின்பற்றுகின்றன. இயந்திரத்தின் ஒலி மாறுவதை முதலில் கேட்பவர் அதன் அருகில் நிற்பவரே அல்லவா?

சொற்பொருள்
பராமரிப்பு – பேணிக் காத்தல்
முடுக்குதல் – இறுகத் திருகுதல்