ஆணியைத் தேய்ப்பது யார்?

இரவு பத்து மணி. பையன் தூங்கி வெகு நேரமாயிற்று. சமையலறை மேஜையில் விளக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டு அப்பா எதையோ தேய்க்கிறார், தேய்க்கிறார், தேய்த்துக்கொண்டே இருக்கிறார். எட்டிப் பார்த்தால்... ஓர் ஆணி!

'இவருக்கு என்ன வந்துவிட்டது?' என்று வீட்டு அம்மாள் கலங்க வேண்டியதில்லை. சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவான குருளையர் படையில் பிள்ளை இருந்தால், அமெரிக்க வீடுகளில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற கூத்துத்தான் இது. பையனின் கட்டை வண்டி பந்தயத்தில் ஓடப் போகிறது. அந்தத் தேசத்தில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் இந்த ஆணி புகுந்துவிட்டபடியால், நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வோமே!

பந்தயத்தின் பெயர் 'பைன்வுட் டெர்பி'. 7 அங்குல நீளத்தில் ஒரு பைன் மரக் கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சாக நான்கு ஆணி. சாமான் இவ்வளவுதான். எஞ்சின் கிடையாது, சாவி கிடையாது. சுமார் நான்கு அடி உயரத்திலிருந்து சரிந்து இறங்கி, பிறகு சமமாக ஓடும் ஒரு பாதை. உச்சியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, முன்னால் இருக்கும் தடுப்பைச் சாய்ப்பார்கள். பூமி இழுக்கிற இழுப்பில் வண்டி ஓடி வர வேண்டியதுதான். 42 அடிப் பாதையைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி. ஒரு தும்மல் போட்டால் பந்தயத்தைத் தவற விட்டுவிடுவீர்கள்!

இது பிறந்த கதை ரசமானது. கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் டான் மர்ஃபி என்று ஒருவர் இருந்தார். விமானக் கம்பெனியில் சித்திரக்காரர் வேலை. ஊரில் குருளையர் படைக்குத் தலைவர். பெரிய பிள்ளைகள் வண்டிக்குள் உட்கார்ந்து மேட்டிலிருந்து இறங்கும் 'சோப் பாக்ஸ் டெர்பி'யில் சேர வேண்டும் என்று அவருடைய பத்து வயது மகனுக்கு ஆசை. ஆனால் வயது போதவில்லை. பிள்ளையின் முகம் வாடினால் எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்? உட்கார்ந்து ஓட்ட முடியாவிட்டால், கையில் அடங்குகிற வண்டியாகச் செய்துவிடலாமே என்று யோசித்தார். 1953 மே 15ல் முதல் பந்தயம் நடந்தது. அடுத்த வருஷமே சாரணர் பத்திரிகையில் வண்டி செய்யும் படம் வெளியாகி, அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. மர்ஃபி 2008ல் காலமானார்.

சரி, எஞ்சினே இல்லாத வண்டியில் ஒன்று முந்துவானேன், இன்னொன்று பிந்துவானேன்?

முதலில் எடை. வண்டி 5 அவுன்ஸுக்கு, அதாவது 141.7 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான விதி. கெட்டிக்காரர்கள் அந்த எல்லையைத் தொட்டாற்போல் நிறுத்துவார்கள். "கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில் விழும் என்றல்லவா கலிலியோ சொன்னார்?" என்று கல்லூரியில் படித்த சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே காற்று இருக்கிறது. சக்கரங்களைச் சுழற்றவும் கொஞ்சம் சக்தி போகிறது. இந்த இரண்டு செலவும் எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கனமான வண்டிக்குக் கையிருப்பு அதிகம். ஆகவே செலவு உறைப்பதில்லை. வீட்டுக் கணக்கு மாதிரிதான்!

அந்தக் கனத்தை எங்கே வைப்பது? பின்பக்கம். சரிவில் நிற்கும்போது வண்டியின் பின்பக்கம்தானே மேலே இருக்கிறது? கனம் அங்கே இருந்தால் இன்னும் சற்று உயரத்திலிருந்து இறங்கும். அதனால் கட்டையைச் செதுக்கி மெலிதாக்கிவிட்டு, பின்னால் துளை போட்டு உலோகத் துண்டுகளைப் பதிக்கிறார்கள். விரல் மேல் வண்டியை வைத்தால், பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் அது சமனாக நிற்க வேண்டும். பேராசைப்பட்டு இன்னும் பின்னால் தள்ளினால் முன்பக்கம் லேசாகி, வண்டி தள்ளாடிப் பாதையின் நடுக்கட்டையில் இடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் ஈயம் வைத்தார்கள். ஈயம் விஷம், குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. இப்போது அதைவிடக் கனமான டங்ஸ்டன் துண்டுகள் கிடைக்கின்றன.

இதெல்லாம் சரி, வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது என்னவோ அந்த ஆணிதான். புதிய ஆணியின் தலைக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடும் பிசிறுமாக நெருடும். சக்கரம் சுழலும் இடமும் அதுதான். பிசிறை அரத்தால் ராவிவிட்டு, உப்புத்தாளில் நாடா போல ஒரு கீற்றுக் கிழித்து, ஆணியைச் சுற்றி இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைஸ், பிறகு அதைவிட நைஸ். முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு ஏறியதும் சக்கரத்தின் துளையில் கிராஃபைட் பொடி போட்டுச் சுற்றிவிட வேண்டும். பென்சிலுக்குள் இருக்கிறதே, அந்தக் கருப்புத்தான். எண்ணெய் விடலாமே என்று தையல் மிஷின் ஞாபகத்தில் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் எண்ணெய்க்குத் தடை.

பிறகு வழவழப்பான தரையில் வண்டியைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். பத்தடி தூரம் நேராகப் போனால் சரி. ஒரு பக்கம் இழுத்தால் முன் ஆணியைக் குறட்டால் பிடித்து இம்மியளவு திருப்ப வேண்டும். மறுபடி தள்ளல், மறுபடி திருப்பல். பொறுமைதான் வேண்டும்.

இப்போது அந்த இரவு பத்து மணிக்குத் திரும்புவோம். ரம்பம் பிடிப்பதும் துளை போடுவதும் பெரியவர் வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்புத்தாளால் ஆணியைத் தேய்க்க எட்டு வயதுக் கை போதுமே! பொடி போட்டுச் சக்கரத்தைச் சுழற்ற, எந்தச் சக்கரம் அதிக நேரம் சுற்றுகிறது என்று எண்ணிப் பார்க்க, குழந்தையைவிட ஆர்வம் யாருக்கு இருக்கும்? அதையும் அப்பாவே எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது வர்ணம் அடிக்கும் வேலை ஒன்றுதான். எனக்கும் ஒரு மாமா இருந்தார். காற்றாடி கட்டித் தருகிறேன் என்று கட்டினார், அபாரமாகப் பறந்தது. நூலை மட்டும் கடைசிவரை என் கையில் தரவில்லை! இந்த மாமாக்கள் அமெரிக்காவிலும் உண்டு போலிருக்கிறது. சில படைகளில் அப்பா அம்மாக்களுக்கென்றே தனிப் பந்தயம் வைத்து, "உங்கள் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

2018 முதல் பெண் குழந்தைகளும் குருளையர் படையில் சேரலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே, 'ஆணியும் அரமும் பையன்களுக்குத்தான்' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தாய்மார்களுக்கும் ஒரு வேலை உண்டு. பந்தயத்துக்கு முதல் நாள் சமையலறைத் தராசைக் கடன் கொடுங்கள். ஆனால் அந்தத் தராசும் பந்தயத் தராசும் ஒத்துப்போகும் என்று நம்பிவிட வேண்டாம். சுலபமாகக் கழற்றக்கூடிய சின்னத் துண்டு ஒன்றை வண்டியில் வைத்திருந்தால், கடைசி நிமிஷத்தில் கண்ணீர் மிச்சம். அன்றைக்கு ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிடுவதும் நல்லது. கிராஃபைட் கறை லேசில் போகாது. யார் விரலெல்லாம் கருப்பாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.