காலில் இருந்தது நெஞ்சில்!

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறும் வழி. டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் நண்பர் சிகரெட் பாக்கெட்டை நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு சார்! ஆபரேஷன் முடிஞ்சுதான் நாலு மாசம் ஆச்சே!"

அந்த 'ஆச்சே'தான் விவகாரம்.

எனக்கு வயது 44. உத்தியோகம், நாற்காலி தேய்ப்பது. பைபாஸில் என் காலிலிருந்து ஒரு சிரையை உருவி இதயத்தில் ஒட்டுப் போட்டார்கள். மார்புத் தமனி ஒன்றையும் திருப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் காகிதத்தில் ஒரு குழாய் வரைந்தார். "வெளியே தையல் சீக்கிரம் ஆறிடும். குழாய்க்கு உள்ளே ஒரு பூச்சு இருக்கே, அதுதான் சமாசாரம்!"

பூச்சு என்றால் ஒரே ஒரு செல் கனம். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதும் குழாயைத் தளர்த்துவதும் அதுதான். 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்கர் முயலின் தமனித் துண்டில் மருந்து விட்டுப் பார்த்தார். பூச்சு இருந்தால் துண்டு தளர்ந்தது. தேய்த்து எடுத்துவிட்டால் சுருங்கியது! பூச்சு விடுகிற நைட்ரிக் ஆக்சைடு வாயுவின் வேலை அது என்று பிற்பாடு தெரிந்தது. 1998-ல் இன்னும் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு.

சிரையை உருவி, உப்ப வைத்து, தைப்பதற்குள் இந்தப் பூச்சு அங்கங்கே உரிந்துவிடுகிறது. மிச்சமுள்ள செல்கள் பெருகி மெல்ல மெல்ல மூடுகின்றன. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் ஆஸ்பிரின். மூடினாலும் பழைய சுறுசுறுப்பு வராதாம். போதாததற்கு, காலில் சாதுவாகக் கிடந்த சிரை, தமனியின் அழுத்தம் தாங்காமல் உள்ளே தடிக்கும். பத்து வருஷத்தில் ஏறக்குறைய பாதி சிரை ஒட்டுகள் அடைபட்டதாகப் பழைய கணக்கு. மார்புத் தமனியோ பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். ஒரு முனை பிறந்த இடத்திலேயே இருக்கிறதல்லவா? தண்ணியில்லாக் காட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆனவருக்கும் சொந்த ஊரிலேயே போஸ்டிங் வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம்!

"சிகரெட், டாக்டர்?"

"ஆற ஆறச் சொறிஞ்சு விடற மாதிரி!"

இந்தியாவின் முதல் பைபாஸை 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். நாங்கள் போய்க்கொண்டிருந்த காவலூர் வானாய்வுக்கூடத்தை உருவாக்கிய வைணு பாப்பு, 1982 ஆகஸ்டில் மூனிக் நகரில் இதய ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். வயது 55தான். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல்தான் திறக்கப்பட்டது. அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

பாக்கெட்டை நண்பரின் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினேன்.

"இன்னொரு டீ சொல்லுங்க. சர்க்கரை கம்மியா!"