பதினைந்து விநாடிப் பொய்

பழைய காரின் மின்சாரம் – 14

சென்ற வாரம் பார்த்த கோளாறு இதுதான்: காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும் வண்டி, நெடுந்தூரம் ஓடிவந்து இருபது நிமிடம் நின்றால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கிறது. 1974-இல் வந்த பாஷ் எல்-ஜெட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் பழைய ஐரோப்பிய கார்களில் இதைப் பார்க்கலாம்.

எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். சூடு மேலேறி இன்ஜெக்டர் குழாயைப் பிடிக்கும். உள்ளே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். அப்போது கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் தேவை. ஆனால் தண்ணீர் சென்சாரோ எஞ்சின் சூடாக இருப்பதாகச் சொல்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி அளந்தே ஊற்றுகிறது.

அந்த சென்சாரைக் கழற்றித் தெர்மாமீட்டரோடு தண்ணீர் டம்ளரில் முக்கி, மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 20 டிகிரியில் 2,500 ஓம். குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்றால் 1,700. வெந்நீர் 80 டிகிரியில் 320 ஓம்தான். சூடு ஏற ஏற ஓம் இறங்கும். ஆக, சூடான சென்சாரோடு வரிசையாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் பெட்டிக்கு எஞ்சின் ஆறிவிட்டதாகத் தோன்றும். 90 டிகிரியில் சுமார் 240 ஓம். அதோடு 560 சேர்ந்தால் 800. பெட்டி அதை 50 டிகிரியாகவே படிக்கும். குளிர்ந்த எஞ்சினில் இதே 560 ஓம் காட்டும் வித்தியாசம் ஐந்து டிகிரியளவுதான். அதனால் காலை ஸ்டார்ட்டுக்குப் பாதகமில்லை.

இந்தப் பொய் நிலைத்துவிடக் கூடாது. அதற்குத்தான் டைமர் ரிலே. சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் வரும் 50-ஆம் முனையிலிருந்து அதற்குத் தூண்டல் கொடுங்கள். செல்ஃபை விட்ட பிறகு 15 விநாடி தாங்கினால் போதும்.

பலர் தவறுவது கான்டாக்டில். சென்சார் ஒயரை வெட்டி இரு பக்கமும் மாற்றிவிடும் ரிலேயைப் போட்டால், மாறும் அந்தக் கணத்தில் சர்க்யூட் அறுந்து பெட்டி எஞ்சின் உறைந்துகிடப்பதாக எண்ணும். ரெசிஸ்டரை ஒயரில் நிரந்தரமாகப் பற்றவைத்து, ரிலேயின் வழக்கமாக மூடியிருக்கும் கான்டாக்டை அதற்குக் குறுக்கே இணையுங்கள். ரிலே இயங்கும்போது கான்டாக்ட் திறக்கும், ரெசிஸ்டர் சேரும். காயில் எரிந்துபோனாலும் சென்சார் நேராகவே பேசும். வண்டி பழையபடி ஓடும்.

ஹெட்லைட்டுக்குப் போடும் 30 ஆம்பியர் ரிலே இதற்கு ஆகாது. இங்கே ஓடுவது மில்லிஆம்பியர் கணக்கு. அவ்வளவு சன்னமான மின்சாரத்தால் கான்டாக்டில் படியும் கறையை உடைக்க முடியாது. சூடான நிலையில் 50 ஓம் கறையே ஐந்தாறு டிகிரி பிசகு காட்டும். தங்கமுலாம் பூசிய சிறிய சிக்னல் ரிலே வாங்குங்கள்.

ஓபிடி சாக்கெட் உள்ள புதிய வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம். பழைய வண்டியிலும் ஒயரைத் தொடும் முன் பெட்ரோல் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். பம்ப்பின் செக் வால்வோ இன்ஜெக்டரோ கசிந்தாலும் இதே அறிகுறிதான் வரும். ரிலே அதை மறைக்கும், சரிசெய்யாது.