வள்ளி திருமணம் இசை நாடகமும் நாயகப் பயணக் கோட்பாடும்: மேகமலை அடிவார மேடைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஜோசப் கேம்பல் 1949ஆம் ஆண்டு முன்வைத்த நாயகப் பயணக் கோட்பாடு இன்று திரைக்கதை வகுப்புகள் முதல் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் வரை பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. தேனி மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நிகழ்த்தப்படும் ‘வள்ளி திருமணம்’ இசை நாடகத்தின் தலைமை மாந்தர் மீது அக்கோட்பாட்டைப் பொருத்திப் பார்ப்பதும், அது பொருந்தும் இடங்களையும் பொருந்தாத இடங்களையும் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். கோட்பாடு வேலனுக்கு எளிதில் பொருந்துகிறது. வள்ளிக்குப் பொருந்த மறுக்கிறது. அந்த மறுப்பே நாடகத்தின் உயிர்நிலையைக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வள்ளி திருமணம், சங்கரதாஸ் சுவாமிகள், ஸ்பெஷல் நாடகம், தர்க்கம், நாயகப் பயணம், களவு, மேகமலை.

முன்னுரை

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை இன்று தேயிலைத் தோட்டங்களில் சென்று முடிகிறது. பச்சைக்கூமாச்சி என்று முன்னோர் அழைத்த அம்மலையில் தினைப்புனமும் இல்லை. கவண் ஏந்திக் கிளி ஓட்டும் பெண்ணும் இல்லை. கீழே கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகின்றன. ஆயினும் திருவிழாக் காலத்தில் அடிவாரத்து ஊர்களில் மேடை போடப்பட்டு, ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கியதும், மறைந்துபோன அந்தப் புனம் ஓர் இரவுக்கு மீண்டும் தோன்றுகிறது. ஒரு பரணும் ஓர் ஆலோலப் பாட்டும் அதற்குப் போதுமானவை.

இப்பகுதியில் வள்ளி கதைக்கு மேடைக்கு வெளியிலும் வேர் உண்டு. ஆண்டிபட்டி வட்டத்தில், வருசநாட்டு மலையடிவாரத்தில் அமைந்த மாவூற்று வேலப்பர் கோயிலின் தலக்கதை, பளியர்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்தபோது முருகன் திருவுரு வெளிப்பட்டதாகச் சொல்கிறது. கந்தபுராணத்தில் கிழங்கு அகழ்ந்த குழியிலிருந்து கிடைப்பவள் வள்ளி. இங்கே கிடைப்பவன் வேலன். கதை இடம் மாறும்போது குழிக்குள் இருப்பவரும் மாறிவிடுகிறார். யாரை யார் தேடிக் கண்டடைந்தார் என்ற கேள்வி இம்மலையடிவாரத்தில் இருவகையாகவும் கேட்கப்பட்டிருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்வது நலம்.

நாடகமும் அதன் மேடை மரபும்

வள்ளியின் மணம், கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணத்தின் இறுதிப் பகுதியில் வள்ளியம்மை திருமணப் படலமாக அமைந்துள்ளது. அதனை மேடைக்குரிய பாடலும் உரையாடலுமாக ஆக்கியவர்களுள் தலையாயவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). சிறுவர்களைக் கொண்டு 1918ஆம் ஆண்டு மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, டி.கே.எஸ். சகோதரர்களை நாடக உலகுக்கு அளித்தது. கொழும்பு மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920களில் இணைந்து நடித்துப் புகழ்பெற்றதும் இந்த நாடகத்தின் வழியாகவே. சபைகள் மறைந்த பின்னரும் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, தேனி வட்டாரங்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரில் இது வாழ்கிறது.

ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு இல்லை; ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகின்றனர். அன்று இரவு மேடையேறிய பிறகே இருவரும் ஒருவர் வாதத்தை ஒருவர் கேட்கிறார்கள். பபூன், நடனப் பெண் ஆகியோரின் நகைச்சுவைக்குப் பின் நாரதர் தோன்றுவார். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். பின்னர் வேலனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம். கதை முழுவதும் பார்ப்போர் அறிந்ததே. அறியாதது ஒன்றே ஒன்று: இன்று இந்த வள்ளி எவ்வளவு நேரம் நின்று பேசுவாள் என்பது.

கேம்பலின் வரைவு

தொன்மக் கதைகள் அனைத்திற்கும் அடியில் ஒரே கதை இருப்பதாகக் கேம்பல் கருதினார். நாயகன் பழகிய உலகை விட்டுப் புறப்படுகிறான். சோதனைகளைக் கடந்து மாற்றம் பெறுகிறான். பெற்ற பேற்றுடன் தன் மக்களிடம் மீள்கிறான். புறப்பாடு, புகுமுகம், மீட்சி என்னும் இம்மூன்று பகுதிகளுள் 17 படிநிலைகளை அவர் வகுத்தார். ஹாலிவுட் திரைக்கதை ஆலோசகர் கிறிஸ்டோபர் வோக்லர் அவற்றைப் 12 ஆகச் சுருக்கினார். படிநிலைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் திசையே நமக்கு முக்கியமானது: நாயகன் செல்கிறான், உலகம் காத்திருக்கிறது.

வேலனின் பயணம்

வேலனை நாயகனாகக் கொண்டால் வரைவு தடையின்றிப் பொருந்துகிறது. தணிகையில் இருப்பவனுக்கு நாரதர் கொண்டுவரும் செய்தி அழைப்பாகிறது. வேடனாக உருமாறிப் புனத்துக்குள் நுழைவது வாயிலைக் கடத்தல். தர்க்கமும், நம்பிராசன் வரும்போது வேங்கை மரமாக நிற்பதும், கிழவனாகித் தேனும் தினைமாவும் உண்டு விக்குவதும் சோதனைகள். யானையாக வரும் மூத்தபிள்ளையார் இயல்கடந்த உதவி. இரவில் வள்ளியுடன் நீங்குவது கேம்பல் கூறும் மாயத் தப்பியோட்டம். நம்பிராசனின் இசைவு தந்தையுடன் இணக்கம். தணிகைக்குச் செல்வது மீட்சி.

இவ்வளவு எளிதாகப் பொருந்துவதே ஐயத்திற்குரியது. வேலன் இப்பயணத்தில் எதை இழக்கக்கூடும்? சூரபதுமனை வென்றவன் அவன். அவன் மாற்றுவது உருவத்தை மட்டுமே, அவன் மாறுவதில்லை. கேம்பலின் நாயகன் மாற்றத்துக்கு உட்பட வேண்டியவன். எனவே படிநிலைகள் யாவும் நிறைந்திருந்தும் நடுப்பகுதி வெறுமையாக நிற்கிறது. சைவ மரபு இக்கதையை இறைவன் உயிரைத் தேடி வரும் அருட்செயலாகக் கொள்வதும் இங்கே நினைக்கத்தக்கது. அவ்வாறு கொண்டால் மாற்றம் நிகழ வேண்டிய இடம் உயிராகிய வள்ளியிடம்தான்.

வள்ளியின் மறுப்பு

வள்ளிக்கு வரும் அழைப்பு, கதை தொடங்கும் முன்பே நிகழ்ந்துவிட்டது. திருமாலின் மகள் சுந்தரவல்லியாக இருந்தபோதே அவள் முருகனை மணக்கத் தவமிருந்தவள் என்று புராணம் கூறுகிறது. வேட்டுவர் மகளாகிய பிறவியில் அதை அவள் அறியாள். எனவே நாரதர் அவளிடம் கொணர்வது அழைப்பு அன்று, மறந்ததன் நினைவூட்டல். அவளோ புனத்தை விட்டு எங்கும் புறப்படுவதில்லை. உலகம் அவளை நாடி ஒவ்வோர் உருவமாக வந்து நிற்கிறது. கேம்பலின் திசை இங்கே தலைகீழாகிறது.

அடுத்து வருவதே இக்கட்டுரையின் மையம். ‘அழைப்பை மறுத்தல்’ கேம்பலின் வரைவில் ஒரு சிறு படிநிலை. நாயகன் தயங்குவான், பின்பு தயக்கம் நீங்கிப் புறப்படுவான். மறுப்பிலேயே நின்றுவிடுவோரின் கதை அவருக்குத் தேக்கத்தின் கதை. அதற்கு அவர் எடுத்துக்காட்டும் கதைகளுள் ஒன்று கிரேக்கத் தொன்மத்தின் டாப்னி. அப்பல்லோ துரத்த, ஓடி ஓடிக் களைத்த அப்பெண் தன் தந்தையை வேண்டி ஒரு மரமாகிவிடுகிறாள். தமிழ்க் கதையிலும் ஒரு கடவுள் ஒரு பெண்ணை நாடி வருகிறார்; அவளுடைய தந்தை தோன்றுகிறார்; ஒருவர் மரமாகிறார். ஆனால் இங்கே மரமாவது பெண் அல்லள். வேட்டுவர் வெட்ட முனையும் வேங்கையாக அஞ்சி நிற்பவன் கடவுள். வள்ளி வள்ளியாகவே நிற்கிறாள். வேங்கை எங்ஙனம் வந்தது என்று தந்தை வினவும்போது அவள் அந்நியனைக் காட்டிக் கொடுப்பதில்லை. அகத்திணை மரபில் களவு தொடங்குவது இத்தகைய மறைப்பில்தான். யானையைக் கண்டு அஞ்சித் தழுவுவதற்கு முன்பே, யாரும் வற்புறுத்தாமல், அவள் எடுத்த முதல் முடிவு அது.

மேடை இந்த மறுப்பை இரவின் பெரும்பகுதியாக விரிக்கிறது. தர்க்கத்தில் வள்ளி கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. நீ யார், உன் குலம் எது, மான் தேடி வந்தவனுக்கு மங்கையிடம் என்ன பேச்சு, ஏற்கெனவே மணமானவன் இன்னொருத்தியை நாடுவது எந்த அறம்? வேலன் வேடமிட்டவர் புராணமும் சாத்திரமும் எடுத்துக்காட்டி விடையளிக்க வேண்டும். ஒத்திகை இல்லாமையால் விடை முன்கூட்டி அறியப்பட்டதன்று. கம்பம் பள்ளத்தாக்கில் நான் கண்ட ஆட்டங்களில், ராஜபார்ட் தடுமாறிய தருணங்களில் முதலில் கைதட்டியவர்கள் பெண்கள் பகுதியில் அமர்ந்திருந்த மூதாட்டிகள். கடவுள் தோற்பதில் அவர்களுக்குப் பக்திக் குறைவு ஏதும் தோன்றவில்லை.

வரைவைக் கொண்டு நோக்கினால் இத்தர்க்கம் பயணத்தின் தாமதம். நாடகத்துக்குள் நின்று நோக்கினால் தர்க்கமே நிகழ்வு. இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. பண்பாட்டு விழாக்களுக்கும் கல்லூரி அரங்குகளுக்கும் இந்நாடகத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்குவோர் முதலில் வெட்டுவது தர்க்கத்தைத்தான். கதை நகர வேண்டும் என்பதே அவர்கள் கூறும் காரணம். உருமாற்றங்களும் யானையும் திருமணமும் எஞ்சுகின்றன. அவ்வாறு எஞ்சிய நாடகத்தில் வள்ளி பேசாத பரிசுப்பொருளாகிவிடுகிறாள். பெண் பயணம் செய்ய வேண்டியதில்லை, பிறர் அடைய முயலும் இடமே அவள் என்ற கருத்தில் கேம்பல் தம்மிடம் பேசியதாக மொரீன் மர்டாக் பதிவுசெய்துள்ளார். அதில் நிறைவடையாமல் 1990இல் பெண்ணின் பயணத்துக்கென வேறொரு வரைவையும் வகுத்தார். கத்தரிக்கப்பட்ட வள்ளி திருமணம், கேம்பல் கூறிய அந்த ‘இடத்தை’ மேடையில் உண்மையாக்கிவிடுகிறது.

யானையும் அகமரபும்

யானைக் காட்சி இன்றைய வாசகருக்கு இடர்ப்பாடு தருவது. வாதத்தில் வெல்ல முடியாதவன் அச்சுறுத்தி வென்றான் என்று ஒரு தரப்பும், அது திருவிளையாடல் என்று மறுதரப்பும் கூறும். பூத்தரு புணர்ச்சி, புனல்தரு புணர்ச்சி, களிறுதரு புணர்ச்சி என அகமரபு முன்பே வகுத்த துறைகளுள் மூன்றாவதன் மேடை வடிவமே இக்காட்சி. ஆனால் அத்துறையில் களிறு தற்செயலாக வருவது. தலைவன் அதை ஏவுவதில்லை. இங்கே ஏவப்படுகிறது. இவ்வேறுபாட்டை மூடி மறைப்பது நேர்மையன்று. நல்ல ஸ்திரீபார்ட் கலைஞர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். யானை விலகிய பின் உடனே இணங்காமல், ஏமாற்றினாய் என்று மீண்டும் வாதத்தைத் தொடங்கும் வள்ளியரை நான் கண்டதுண்டு. அச்சத்தால் தந்த சொல்லை அவள் தெளிவோடு மறுமுறை தரும் வரை மணம் நிகழ்வதில்லை.

பொதுவாக நோக்கின், களவு, உடன்போக்கு, கற்பு என்னும் தமிழ் வரிசை இந்நாடகத்துக்குக் கேம்பலின் வரிசையைவிட நெருக்கமானது. இருவரும் சேர்ந்தே செல்லும் செலவு உடன்போக்கு. அங்கே தனி நாயகன் இல்லை.

கைவிடப்பட்ட மீட்சி

எனினும் கேம்பலை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. அவருடைய வரைவு இல்லையேல் கவனத்துக்கு வராதிருக்கும் ஒரு பகுதி உண்டு. புராணத்தில் இருவரும் இரவில் நீங்கியபின் நம்பிராசனும் வேட்டுவரும் தொடர்ந்து வந்து போரிட்டு மாய்கின்றனர். முருகன் பணிக்க, வள்ளி அவர்களை எழுப்புகிறாள். பின்பு அனைவரும் சிற்றூருக்குத் திரும்ப, உற்றார் முன்னிலையில் திருமணம் நிகழ்கிறது. புறப்பட்டுச் சென்றவள் உயிர்தரும் பேற்றோடு தன் மக்களிடம் மீளும் இப்பகுதி, கேம்பல் கூறும் மீட்சியேயன்றி வேறில்லை. முழுக் கதையிலும் அப்படிநிலைக்கு உரியவள் வள்ளி மட்டுமே. தணிகைக்குத் திரும்பும் வேலன் முன்பு இல்லாத ஆற்றல் எதையும் கொண்டு செல்வதில்லை.

நான் கண்ட ஆட்டங்களில் இப்பகுதி மேடையேறவில்லை. தர்க்கம் முடியும்போதே கிழக்கே மேகமலை முகடு வெளுக்கத் தொடங்கிவிடும். மாலை மாற்றி மங்களம் பாடி முடிப்பதற்கே நேரம் போதாது. இதுபற்றிக் கேட்டபோது, முன்பு அதற்கும் பாட்டு உண்டு என்றார் மூத்த ஆர்மோனியக் கலைஞர் ஒருவர். இரண்டடி பாடிக் காட்டத் தொடங்கியவர், சுருதி நினைவில் இருக்கிறது, சொற்கள் இல்லை என்று நிறுத்திக்கொண்டார்.