சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் தொழில்சார் கூறுகள்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்களும் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்கு உட்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்ற எண்ணிக்கையே ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுகிறது. தொழில்சார் கூறுகளும் கருதத்தக்கன. இந்தியா திரும்பவிருந்தோரில் பணியிலிருப்போர், புறப்படும் நாள் அல்லது 55 வயது, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை பணியில் தொடரலாம். சேமநிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம். குடும்பத்திற்கு 4,000 ரூபாய் என்பது உதவித்தொகையன்று. கொண்டுசெல்லும் தொகைக்கான உச்சவரம்பை இலங்கை அதற்குக் கீழே குறைக்கலாகாது என்பதே பொருள். திரும்பியோர்க்கு இந்தியாவில் என்ன தொழில் என்பதை ஒப்பந்தம் கூறவில்லை. கொழுந்து பறித்துப் பழகியோர்க்குத் தாமிரபரணியின் நெல்வயல்கள் மூதாதையர் நிலமாயினும் அறியாத தொழிற்களமே. பேச்சுவார்த்தையில் அவர்கள் ஒரு தரப்பாக இருக்கவுமில்லை.