தகப்பனார் கையொப்பமும் கல்லூரி உபகாரச் சம்பளமும்

சென்ற ஜூன் மாதம் கோட்டுச்சேரிப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிப் பட்டுவாடாவிற்கு வந்த நெசவாளர் அம்மையார் ஒருவர், தம் மகளின் கல்லூரி உபகாரச் சம்பள விண்ணப்பத்தை என் முன் வைத்தார். தகப்பனார் கையொப்பம், தகப்பனார் வருமானம் என்ற இரண்டு இடங்களும் வெறுமையாயிருந்தன. அம்மனிதரின் அடிக்கு அஞ்சித் தாயும் மகளும் வெளியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாய்மாமன் வீட்டில் இருக்கிறார்கள். கையொப்பத்திற்காக மகளை அவரிடம் அனுப்புவதா, அல்லது யாரோ யோசனை சொன்னபடி "காலஞ்சென்றவர்" என்று எழுதிவிடுவதா என்று கேட்டார். இரண்டும் வேண்டாம் என்றேன்.

உயிரோடிருப்பவரை இறந்தவராக எழுதினால் இறப்புச் சான்று கேட்பார்கள். பின்னால் உண்மை வெளிப்பட்டால் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட நேரும். அவர் கையொப்பத்தை வேறொருவர் இடுவது அதனினும் கேடு.

கையொப்பம் வேறு, வருமானம் வேறு. மாணவிக்கு 18 வயது நிறைந்துவிட்டால் சட்டப்படி அவள் கையொப்பமே போதுமானது. நிறையாவிடின் தாய் பாதுகாவலராகக் கையொப்பமிடலாம். 1984-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பேரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தபோது, தகப்பனார் கையொப்பம் இல்லையென்று விண்ணப்பம் திரும்பி வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் பாதுகாவலர் சட்டம், தகப்பனாருக்குப் "பின்" தாய் என்கிறது. "பின்" என்பதற்கு அவர் இறந்த பின் என்பது மட்டும் பொருளன்று. பிள்ளையைக் கவனியாது விட்டிருந்தாலும் தாயே இயற்கைப் பாதுகாவலர் என்று 1999 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று.

வருமானந்தான் உண்மையில் சிக்கலானது. ஆதி திராவிட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவிக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோருக்கான மத்திய சர்க்கார் உபகாரச் சம்பளத்திற்கு 4.5 லட்சம். ஒரு காசும் தராத தகப்பனாரின் சம்பளம் இக்கணக்கில் சேர்ந்தால் பிள்ளை வரம்பிற்கு வெளியே போய்விடுகிறது. இங்கிலாந்தில் பெற்றோருடன் உறவு அறுந்த 25 வயதிற்குட்பட்ட மாணவரைத் தனித்தவராகக் கருதி, பெற்றோர் வருமானத்தை விட்டுவிடுகிறார்கள். நம் காரைக்கால் குடும்பங்கள் பலவற்றிற்கு உறவினர் உள்ள பிரான்சிலும், குடும்பமுறிவைச் சமூக சேவை அலுவலர் விசாரித்துத் தனி உதவிக்குப் பரிந்துரைக்கும் ஏற்பாடு உண்டு. நம் படிவங்களில் அப்படியொரு பத்தியை நான் கண்டதில்லை. அது குறையே.

ஆகவே நம்மிடம் எல்லாம் வருமான அத்தாட்சியைப் பொறுத்தது. அதைத் தருமுன் வருவாய்த் துறையினர் விசாரிப்பார்கள். தாயும் மகளும் தனியே வாழ்வதைக் காட்டும் தாள்கள் அப்போது கையில் இருக்கவேண்டும்: போலீஸ் புகார் ரசீது, ஜீவனாம்ச உத்தரவு, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பெற்ற பாதுகாப்பு உத்தரவு, தனி ரேஷன் கார்டு. தாயின் வருவாய்க்குச் சங்கத்தின் கூலிச் சான்று நல்ல ஆதாரம். காரியதரிசிகள் இதைத் தர நாட்கடத்துவதைப் பார்த்திருக்கிறேன். ரிஜிஸ்தரைப் பார்த்து எழுத அரைமணி நேரம் போதும்.

கோர்ட் என்றால் நம் பெண்கள் செலவுக்கு அஞ்சுகிறார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மணமாகாத மகள் 18 வயது கடந்த பின்னும், தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லையெனில், இந்துச் சட்டப்படி தகப்பனாரிடம் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. கல்விக் கடனுக்கும் தகப்பனாரே வேண்டுமென்பதில்லை; உடன் கடனாளியாகத் தாய் நிற்கலாம். நெசவாளர் பிள்ளைகள் அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்லூரிகளில் படிக்க ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டமொன்று 2021-22 முதல் 2025-26 வரைக்கென வகுக்கப்பட்டது. அதில் தறியில் அமர்பவர் தாயானால், அவர் பேரிலேயே உரிமை.

அம்மையாரின் கூலிச் சான்றை அன்றே எழுதி வாங்கிக் கொடுத்தேன். விசாரணைக்கு வந்தவர் அண்டை வீட்டாரையும் கேட்டுச் சென்றார். தாயின் வருமானத்தைக் கொண்டே அத்தாட்சி வந்தது. விண்ணப்பத்தில் தாய் பாதுகாவலராகக் கையொப்பமிட்டார். அனுப்புமுன் வங்கிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பள்ளி நாளில் தொடங்கிய அக்கணக்கு தகப்பனாருடன் கூட்டுக் கணக்கு! பணம் வந்திருந்தால் அவரே எடுத்திருக்கலாம். மறுநாளே மகள் பேரில் தாயைப் பாதுகாவலராகக் கொண்டு புதுக் கணக்குத் தொடங்கி, ஆதார் எண்ணை அதற்கு மாற்றிய பின்புதான் விண்ணப்பம் போயிற்று.